முதுமையும் கால் வலிமையும்



பிறப்பு, மூப்பு, பிணி, சாக்காடு என்னும் நான்கும் துக்கம் என்று பகவான் எடுத்துரைத்தார் என்பதை நாம் அறிவோம். இவற்றுள் மூப்பைப் பற்றி நம்மவரிடையே ஒரு பிழையான எண்ணம் வேரூன்றி நிற்கின்றது. மூப்பு தவிர்க்கவொண்ணாதது, ஆதலின் மூப்புக் காலத்தில் காணும் தளர்ச்சி அனைத்தும் தவிர்க்கவொண்ணாதது என்று முடிவு கட்டிக்கொள்கிறோம். முதற்கூற்று மெய். அதிலிருந்து இரண்டாவது பிறவாது. தலை நரைப்பதும் தோல் சுருங்குவதும் காலத்தின் வேலை. ஆனால் அறுபத்தைந்து வயதினர் ஒருவர் கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியாமற் போவதில் பெரும்பங்கு அசையாதிருத்தலின் வேலை. மீதியில் ஒரு பங்கு நீர்த்த கஞ்சியின் வேலை. காரணத்தைக் கண்டறிந்து அதனை நீக்கினால் காரியமும் நீங்கும் என்று கற்றவர்கள் நாம். இவ்விஷயத்தில் மட்டும் அதனை ஏன் மறந்தோம் என்று விளங்கவில்லை.

நாம் வாழும் கேரள நாட்டில் இதனை ஆராய்வதற்குத் தனிக் காரணம் உண்டு. 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி இந்தியா முழுவதிலும் அறுபது வயதைக் கடந்தவர்கள் நூற்றுக்கு 8.6 பேர், கேரளத்திலோ நூற்றுக்கு 12.6 பேர். அன்றைக்கே நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட முதியோர் இம்மாநிலத்தில் இருந்தனர். திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவிலும், கரமனையிலும், வலியதுறைப் பக்கத்திலும் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையிலோ பிளாஸ்டிக் நாற்காலியிலோ ஒரு முதியவர் அமர்ந்திருப்பதைக் காணலாம். மகன் வளைகுடா நாட்டில் இருப்பான். மருமகள் வேலைக்குப் போயிருப்பாள். அவர் தாமே எழுந்து கழிப்பறைக்குப் போய்வர முடிந்தால் அவ்வீடு நடக்கும். முடியாத நாளில் வீட்டில் ஒருவர் வேலையை விட்டு நிற்கவேண்டும், அல்லது கூலிக்கு ஆள் வைக்கவேண்டும். நம் போன்ற உழைப்பாளர் குடும்பத்துக்கு இவ்விரண்டில் எது நேரினும் கடன்தான். ஆகையால் கால் வலிமையைப் பற்றிப் பேசுவதை வசதியுள்ளோர் பொழுதுபோக்கு என்று எவரும் ஒதுக்கவேண்டாம்.

தசை தேய்வது எவ்வாறு என்பதை முதலில் அறிதல் நலம். நடுவயது தொட்டே மனிதனுடைய தசை சிறிது சிறிதாகக் குறையத் தொடங்குகிறது. அறுபதுக்குப் பின் குறைவு விரைகிறது. கையைக் காட்டிலும் காலில், அதிலும் தொடையில், இது மிகுதி. அமெரிக்க மருத்துவராகிய இர்வின் ரோசன்பெர்க் என்பவர் 1989-இல் இந்நிலைக்குச் சார்கோபீனியா என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் ‘சதைக் குறைவு’ என்பது அதன் பொருள். தேய்வு உடனே வெளியே தெரிவதில்லை. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து நிரம்புவதால் எடை மாறாமல் இருக்கும். வேட்டி அதே இடத்தில் நிற்கும். உள்ளே மட்டும் சரக்கு மாறியிருக்கும்.

படுக்கை இதனை எவ்வளவு விரைவுபடுத்தும் என்பதற்கு 2007-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி சாட்சி. நோயற்ற முதியோர் பன்னிருவர், சராசரி வயது 67, பத்தே நாள் படுக்கையில் கிடந்தனர். அந்தப் பத்து நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிற்று. அவர்கள் ஆரோக்கியமுள்ளவர்கள் என்பதைக் கவனிக்க. நிமோனியாக் காய்ச்சலால் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்து, உண்ணவும் முடியாமல் திரும்பி வரும் நம் வீட்டுப் பெரியவர் எவ்வளவு இழந்திருப்பார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். அவரை ‘ஓய்வெடுங்கள்’ என்று மேலும் ஒரு மாதம் கட்டிலில் கிடத்துகிறோம். அன்பினால் செய்கிறோம் என்பதில் ஐயமில்லை. பின் ஒருநாள் இரவில் எழுந்து நடக்கையில் கால் தாங்காமல் விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. அதன்பின் பலர் பழையபடி எழுந்து நடப்பதில்லை.

தேய்ந்த தசை மீளுமா? மீளும் என்பதற்கு நல்ல சாட்சியம் இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் என்னும் பெண் மருத்துவரும் அவர் தோழரும் செய்த சோதனை 1990-இல் வெளியாயிற்று. சோதனைக்கு வந்தவர்கள் பத்துப் பேர். தொண்ணூறு வயதை ஒட்டியவர்கள். தொடைத் தசைக்கு எடை கட்டித் தூக்கும் பயிற்சி எட்டு வாரம் கொடுத்தார்கள். மெல்லிய எடை என்று எண்ணவேண்டாம். அவரவர் சக்திக்குக் கடினமான எடைதான். எட்டு வாரத்தின் முடிவில் அவர்கள் தொடை வலிமை சராசரியாக நூற்றுக்கு 174 பங்கு கூடியது. இருவர் ஊன்றுகோலை வைத்துவிட்டு நடந்தனர். தொண்ணூறு வயதில் இது நடந்தது. அறுபத்திரண்டில் ‘இனி எனக்கு எதற்கு’ என்று சொல்லும் நம் அன்பர்கள் இக்கணக்கைச் சற்று நின்று நோக்கவேண்டும். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில் பெற்ற வலிமையில் ஒரு பகுதி கரைந்தது என்பதையும் அவர்களே எழுதியிருக்கின்றனர்.

அதே மருத்துவர் 1994-இல் நூறு பேரை வைத்து மீண்டும் சோதித்தார். சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்து பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுமில்லை. பயிற்சி செய்தவர்களுடைய வலிமை இரட்டிப்பையும் கடந்தது, நடை விரைந்தது, படியேறும் ஆற்றல் கூடியது. பயிற்சியின்றிச் சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பயனில்லை. கடைகளில் முதியோருக்கென்று டப்பாவில் விற்கும் மாவுகளை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்றிருக்கும் பிள்ளைகள் இதனை அறிதல் வேண்டும். டப்பாவின் விலைக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்பது வேறு கணக்கு.

இங்கே உழைப்பாளரிடமிருந்து ஒரு மறுப்பு வரும். “வாழ்நாள் முழுதும் உழைத்த உடம்பு ஐயா இது, மேசையில் உட்கார்ந்து எழுதினவனுக்கல்லவா அப்பியாசம்?” என்பார்கள். நூற்பாலையில் பல்லாண்டு நின்றவன் என்ற முறையில் இம்மறுப்பின் நியாயம் எனக்குத் தெரியும். ஆயினும் ஆலையில் நம் உடம்பு என்ன செய்தது? எட்டு மணி நேரம் நின்றது. அறுந்த இழையை முடிவதற்குக் குனிந்தது. ஒரே பக்கமாகத் திரும்பிற்று. பஞ்சுத் தூசியை உட்கொண்டது. விரலும் தோளும் ஓயாமல் உழைத்தன. தொடையோ விறைத்து நின்றது. வேலை நம் உடம்பின் தேவையைக் கேட்டு அமைந்ததன்று. இயந்திரத்தின் தேவைக்கு அமைந்தது. அதனால் முதுகு வலியும் காலில் நரம்பு புடைப்பும் பெற்றோம். அது முடிந்து வீட்டுக்கு வந்தபின் உட்கார்ந்துவிட்டோம். சேமித்து வைத்த வலிமை வட்டி கொடுக்கும் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். பாஸ்டன் முதியோர் பெற்றதே நான்கு வாரத்தில் கரைந்ததென்றால், நாற்பது வயதில் சுமந்த மூட்டை எழுபது வயதுக் காலுக்கு எப்படி உதவும்?

ஓயாமல் நடமாடும் வேலை நன்மை செய்வதும் உண்டு. லண்டன் நகரத்து இரண்டடுக்குப் பஸ்களில் உட்கார்ந்து ஓட்டியவர்களையும், நாள் முழுதும் படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவர் ஒப்பிட்டு 1953-இல் வெளியிட்டார். மாரடைப்பு கண்டக்டர்களிடம் குறைவாக இருந்தது. படிதான் அவர்களுக்கு மருந்தாக இருந்திருக்கிறது. நம்மூரில் வீட்டுக்கு மேல்மாடி கட்டியவர்கள் முதலில் செய்வது பெற்றோரைக் கீழறைக்கு இறக்கிவிட்டு ‘மேலே வரவேண்டாம்’ என்பதுதான்!

நடையைப் பற்றிச் சொல்லாமல் மேற்செல்லலாகாது. சங்கத்தில் சங்கமம் என்றொரு பழக்கம் உண்டு. சங்கமமாவது, அளந்த ஓரிடத்தில் மேலும் கீழுமாக நினைவோடு நடத்தல். இது வந்த வரலாறு சுவையானது. வைசாலியில் உபாசகர்கள் பிக்ஷுக்களுக்கு நெய்யும் இனிப்புமாக உயர்ந்த உணவை நாள்தோறும் அளித்தனர். உண்டவர்கள் உடம்பு பருத்து நோயுற்றார்கள். அங்கு வந்த வைத்தியர் ஜீவகர் இதனைக் கண்டு, நடப்பதற்கு ஒரு பாதையும் வெந்நீர் அறையும் அனுமதிக்க வேண்டுமென்று பகவானிடம் விண்ணப்பித்தார், பகவானும் அனுமதித்தார். விநயத்தில் உள்ள செய்தி இது. அங்குத்தர நிகாயத்தில் சங்கமத்தின் ஐந்து நன்மைகள் கூறப்படுகின்றன: நெடுவழி செல்லும் ஆற்றல், முயற்சிக்குத் தகுதி, நோயின்மை, உண்டது செரித்தல், மனவொருமை நீடித்தல். ஐந்தில் நான்கு நேராக உடம்பைப் பற்றியவையாகவே இருப்பதை நோக்குக. உடம்பைப் புறக்கணிப்பது தான் பக்தி என்று நினைப்போர் நோக்கவேண்டிய இடம் இது.

நமது நகரத்தில் நடப்பதற்கு இடத்துக்குக் குறைவில்லை. மியூசியம் தோட்டத்தில் விடியுமுன்னரே முதியோர் கூட்டங்கூட்டமாக நடக்கின்றனர்; அடுத்துள்ள கனகக்குன்றும், வெள்ளையம்பலத்திலிருந்து கவடியார் செல்லும் மரநிழற் சாலையும், சங்குமுகம் கடற்கரையும் உண்டு. பஸ் காசு செலவழித்து அங்கே போகவேண்டும் என்பதில்லை. மேடும் பள்ளமுமான ஊர் இது. நம் வீட்டுச் சந்தே ஓர் ஏற்றத்தில்தான் முடியும். அவ்வேற்றத்தில் ஏறி இறங்குவது சமதரையில் இருமடங்கு நடப்பதினும் தொடைக்கு நல்லது. உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் வெளியிட்ட நெறியில், அறுபத்தைந்து கடந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை நடுத்தர விரைவுள்ள உழைப்பும், வாரத்தில் இரு நாளேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாளேனும் விழாமல் நிற்கும் சமநிலைப் பயிற்சியும் செய்யுமாறு கூறியிருக்கிறது. பேசிக்கொண்டு நடக்க முடியவேண்டும், பாட முடியாமல் இருக்கவேண்டும். அதுதான் நடுத்தர விரைவு.

மியூசியத்தில் நடப்போர் பலர் நடையோடு நின்றுவிடுகின்றனர். நடை இதயத்துக்கும் நீரிழிவுக்கும் நல்லது. ஆனால் தொடைத் தசையை வளர்க்க அது போதாது. தசை வளரவேண்டுமாயின் அது சிரமப்படவேண்டும். எனவே பின்வருவனவற்றை வீட்டிலேயே செய்க.

முதன்மையானது நாற்காலிப் பயிற்சி. அசையாத மரநாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போடுக. பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும், அது வேண்டாம். முன்விளிம்பில் அமர்ந்து, பாதங்களைத் தரையில் பதித்து, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுந்து நிற்கவேண்டும். பின் மெல்ல, மூன்று எண்ணும் நேரம் எடுத்து, உட்காரவேண்டும். ‘தொப்’ என்று விழுவது பயிற்சியாகாது. இறங்கும்போது தாங்கிப் பிடிப்பதில்தான் தசைக்குப் பாதி வேலை இருக்கிறது. எட்டு முறை செய்து, இரண்டு நிமிஷம் ஓய்ந்து, மீண்டும் எட்டு முறை செய்க. கையூன்றாமல் எழ முடியாதவர் முதலில் ஊன்றியே எழுக, அல்லது நாற்காலியின்மேல் கெட்டியான மெத்தையிட்டு உயரம் கூட்டுக. வாரந்தோறும் உயரத்தைக் குறைக்கலாம். எட்டு முறை எளிதாகிவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுக. எளிதாகிவிட்ட பயிற்சியை ஆண்டுக்கணக்கில் அப்படியே செய்துகொண்டிருப்பதால் வலிமை கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். இடைநாளில் தசை தன்னைக் கட்டிக்கொள்கிறது.

இதுவே சோதனையாகவும் பயன்படும். ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறதென்று பேரப்பிள்ளையைக் கடிகாரம் பார்க்கச் சொல்லுக. பன்னிரண்டு வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசை தளர்ந்திருக்கிறது என்று ஆசிய நாட்டு மருத்துவர் குழு 2019-இல் அளவு வகுத்திருக்கிறது. கெண்டைக்காலின் பருத்த இடத்தை டேப்பால் அளந்து, ஆண்களுக்கு 34, பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அதுவும் ஓர் எச்சரிக்கை. இரண்டுக்கும் காசு செலவில்லை.

அடுத்து, சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி முன்பாதத்தில் நிற்றல், பத்து முறை. அதே இடத்தில் ஒற்றைக்காலில் பத்து வினாடி நிற்றல். முதலில் இரு கையாலும் பிடித்து, பிறகு ஒரு விரலால் தொட்டு. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பைச் சுவரை நோக்கிச் சாய்த்துத் தள்ளுதல் கைக்கும் தோளுக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் ‘எங்களுக்கு இது ஆகாது’ என்பர். தொடைத் தசை வலுப்பட்டால் மூட்டின்மேல் விழும் பாரம் குறைந்து வலியும் தணிகிறது என்பதே அனுபவமும் ஆராய்ச்சியும் கூறுவது. சிறு வலியோடு, உயர்ந்த இருக்கையிலிருந்து தொடங்கலாம். மூட்டு வீங்கிச் சிவந்திருந்தால் மட்டும் நிறுத்துக. நெஞ்சில் அழுத்தம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் அந்தக் கணமே நிறுத்தி மருத்துவரிடம் செல்க. மூச்சை அடக்கிக்கொண்டு எதையும் தூக்கலாகாது. எழும்போது மூச்சை விடுக.

ஜூன் மாதத்தில் மழை பிடித்தால் நம்மூரில் வெளிநடை நின்றுபோகும். நின்றுபோவதே நல்லது, பாசி படிந்த செங்கல் முற்றத்தில் ரப்பர் செருப்போடு நடந்து இடுப்பை முறித்துக்கொண்டவர் பலர். அம்மாதங்களில் நாற்காலியும் சமையலறை மேடையும் போதும். முற்றத்தைப் பிளீச்சிங் தூள் இட்டுத் தேய்த்து வைப்பதும், கழிப்பறை வழியில் இரவெல்லாம் சிறு விளக்கு எரியவிடுவதும், அங்கே சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பதிப்பதும் வீட்டு இளைஞர் செய்யவேண்டிய சேவை. எழுந்தவுடன் தலைசுற்றினால் இரத்த அழுத்த மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக.

இனி ஆகாரம். இதில்தான் நம் வீடுகளில் பெருங்குறை.

நம் வீட்டுப் பாட்டிமாரின் ஒருநாள் உணவை எண்ணிப் பார்க்கலாம். காலையில் கட்டஞ்சாயா அல்லது சிறிது பால் சேர்த்த தேநீர், இரண்டு தோசை. பகலில் சோறும், அடியில் நாலு பருப்பு கிடக்கும் சாம்பாரும், ஒரு கரண்டி காயும். இரவில் கஞ்சி, தொட்டுக்கொள்ள ஊறுகாய் அல்லது சுட்ட அப்பளம். வயிறு நிறைந்துவிடுகிறது. அதிலுள்ள புரதத்தைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 24 கிராமுக்கு மேல் தேறாது. ஐம்பது கிலோ எடையுள்ள முதியவருக்கு எவ்வளவு வேண்டும்? கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வீதம் 50 முதல் 60 கிராம் வரை வேண்டுமென்று 2013-இல் முதியோர் உணவை ஆராய்ந்த பல நாட்டு வல்லுநர் குழு கூறியது. வயதானவர் தசை இளைஞர் தசையைப்போல் குறைந்த புரதத்தைக் கொண்டு தன்னைக் கட்டிக்கொள்வதில்லை. ஆகையால் வயதானால் குறைவாக உண்டால் போதும் என்பது அரிசிக்குப் பொருந்தலாம், புரதத்துக்குப் பொருந்தாது. பாட்டி வேண்டுவதில் பாதியே பெறுகிறாள்.

இப்பாதியை நிரப்புவது செல்வருக்கு மட்டும் இயலும் என்று மலைக்கவேண்டாம். ஒரு முட்டையில் 6 கிராம். ஐம்பது கிராம் சிறுபயற்றில் 11 கிராம். இந்நாட்டார் கஞ்சியோடு பயற்றைச் சேர்த்து உண்ணும் வழக்கத்தில் பேரறிவு இருக்கிறது. நாம் கஞ்சியை எடுத்துக்கொண்டோம், பயற்றை விட்டுவிட்டோம். பாலோ தயிரோ ஒரு தம்ளர் கூட்டினால் 6 கிராம். ஆக 24-உடன் 23 சேர்ந்து 47 ஆயிற்று. மீன் உண்பவர்கள் மூன்று நாலு சாளை மீன், அதாவது முள் நீக்கி முக்கால் நூறு கிராம் அளவு, சேர்த்தால் ஏறக்குறைய 14 கிராம். உண்ணாதவர்கள் ஒரு கைப்பிடி நிலக்கடலை சேர்த்தால் 7 கிராம். கணக்கு முடிந்தது. சாளையில் இதயத்துக்கு நன்மை செய்யும் எண்ணெயும் உண்டு; நெத்திலியை முள்ளோடு உண்டால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கேழ்வரகிலும் அச்சத்து மிகுதி. இவற்றை ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளைக்கும் பகிர்க. காலையில் புட்டோடு கொண்டைக்கடலைக் கறி உண்பவர் அவ்வேளைக்கு வேண்டியதில் பெரும்பங்கு பெற்றுவிடுகிறார். புட்டுக்குச் சர்க்கரையும் பழமும் மட்டும் வைத்துக்கொள்பவர் பெறுவதில்லை.

மரவள்ளிக் கிழங்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இப்பயிரை ஊக்கி வளர்த்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் 1942-இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது, இந்நாட்டு ஏழைகளைக் காத்தது இக்கிழங்கே. அந்நன்றியை மறக்கலாகாது. ஆயினும் நூறு கிராம் கிழங்கில் புரதம் ஒரு கிராம் அளவே உண்டு. மீன் குழம்போடு உண்டால் நிறைவான உணவு. மிளகாய்ச் சம்மந்தியோடு மட்டும் உண்டால் பசி தீரும், தசை தேயும்.

பல் விழுந்தவர்கள் மெல்ல முடியாமல் கஞ்சிக்கு இறங்குகின்றனர். பிறகு கஞ்சியே பழக்கமாகிவிடுகிறது. பயற்றைக் குழைய வேகவைத்து மசிக்கலாம். முட்டையை இளக வேகவைக்கலாம். மீனை உதிர்த்து முள்ளெடுத்துச் சோற்றில் பிசையலாம். முருங்கைக் கீரையைப் பருப்போடு கடையலாம். பல் கட்டிக்கொள்ள முடிந்தால் அதுவே மேல். அன்றியும் நம் பெண்கள் எல்லாரும் உண்டபின் மிச்சத்தை உண்ணும் வழக்கம் முதுமையிலும் தொடர்கிறது. மீன் துண்டு பேரனுக்குப் போகிறது. சாறு பாட்டிக்கு வருகிறது. சமத்துவத்துக்காக இம்மார்க்கத்தை ஏற்ற நாம், அடுப்படியில் அதனைக் கைவிடுவது தகுமா?

பௌர்ணமி உபோசத நாளில் எட்டுச் சீலம் எடுத்து, நண்பகலுக்குப் பின் உண்ணாதிருப்பவர்கள் நம்மில் உள்ளனர். உடல்நலமுள்ளவர்களுக்குத் தீங்கில்லை, முற்பகல் உணவில் பயறும் பாலும் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்பவர்கள் பட்டினி இருப்பது அபாயம். மெலிந்த முதியவர்களுக்கும் வேண்டாம். நோயுற்ற பிக்ஷுக்கு நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் மருந்தாகப் பகவான் அனுமதித்திருக்கிறார். அவர்கள் ஐந்து சீலத்தோடு நின்று, கேட்டலிலும் தியானத்திலும் அந்நாளைக் கழிக்கலாம். மறுபுறம், கோசல மன்னர் பசேநதி மிகையாக உண்டு மூச்சு வாங்கி வந்தபோது, அளவறிந்து உண்ணும்படி பகவான் அறிவுறுத்த, மன்னர் படிப்படியாகக் குறைத்து உடல் இலேசானார் என்பதும் சூத்திரத்தில் உள்ளது. நம் நகரத்தில் பசேநதியைப் போன்றோரும் உண்டு. அவர்கள் குறைக்கவேண்டியது சோற்றையும், வறுத்த சிப்ஸையும், தேநீருக்கு இடும் சர்க்கரையையும். பயற்றைக் குறைக்கவேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. சிறுநீரகம் பழுதுற்றவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டலாகாது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம்மிடையே மிகுதியாதலால், முதலில் இரத்தத்தைச் சோதித்து மருத்துவரைக் கேட்பது முறை. மாநகராட்சி எல்லைக்குள் வாழும் அறுபத்தைந்து கடந்தோருக்குக் கேரள சமூகப் பாதுகாப்பு மிஷன் நடத்தும் வயோமித்ரம் என்னும் திட்டம் உண்டு. அதன் மருத்துவ வண்டி வட்டாரந்தோறும் வந்து இலவசமாக மருந்து கொடுக்கிறது. உங்கள் வார்டுக்கு என்று வருகிறதென்பதைக் கவுன்சிலரிடமோ ஆஷா தொண்டரிடமோ கேட்டறிந்து, எழுத்தறியாத அயலாருக்கும் சொல்லுக.

நமது ஞாயிறு கூட்டங்களில் முன்பெல்லாம் அனைவரும் பாயில் அமர்ந்தோம். இப்போது பின்வரிசை நாற்காலிகள் ஆண்டுதோறும் பெருகுகின்றன; எழ முடியாது என்று கூட்டத்துக்கே வராதவர்களும் உண்டு. நாற்காலியில் அமர்வது இழிவன்று. ஆனால் அங்கே அமர்ந்திருப்பவர்கள், வந்தனை முடிந்து தேநீர் வருமுன், அதே நாற்காலியில் எட்டு முறை எழுந்து உட்காரலாம்; இளைஞர் ஒருவர் எண்ணிக்கை சொல்லட்டும். கூச்சம் முதல் வாரத்தோடு போய்விடும். தனியே செய்பவர் ஒரு மாதத்தில் விட்டுவிடுகிறார். கூடிச் செய்பவர் தொடர்கிறார் என்பதை மியூசியத் தோட்டத்துக் கூட்டங்களே காட்டுகின்றன.

கட்டிலைவிட்டு எழாதவர்களைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தனர். மருத்துவர் தடுக்காதவரையில் அவர்களுக்கும் வழி உண்டு. படுத்தபடியே முழங்காலை மடக்கிப் பாதத்தை ஊன்றி இடுப்பை ஒரு சாண் தூக்கி இறக்குக, ஐந்து முறை. பிறகு கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்காரவைத்து, ஒருவர் அருகில் நின்று தாங்கிக்கொள்ள, ஒவ்வொரு காலையும் முழங்காலிலிருந்து நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி இறக்குக. காலுக்கு எட்டு முறை. உணவைக் கட்டிலில் ஊட்டாமல், உட்காரவைத்து அவர் கையாலேயே உண்ணச் செய்க. இவ்வாறு இரண்டு வாரம் ஆனபின் கட்டிலுக்குப் பக்கத்தில் உயர்ந்த நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, இருவர் துணையோடு முதன்முறை நிற்கவைக்கலாம். அன்று ஒருமுறை நின்றால் போதும். மறுநாள் இரண்டு.